கட்டு, கட்டிக்கொள், கட்டவிழ்

1

உடை குறித்த வினைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. உடுத்து, அணி, தரி, புனை, போர்த்து, சுற்று, மாட்டு, போடு, கட்டு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் முதல் நான்கும் பெரும்பாலும் எழுத்திலும் மேடையிலுமே உயிர் வாழ்கிறவை. 'அவள் நீலப் புடவை அணிந்திருந்தாள்' என்று கதையில் எழுதுகிறவர் வீட்டுக்குள் போனதும் 'நல்ல புடவையா ஒண்ணு எடுத்துக் கட்டிக்கிட்டு வா' என்றுதான் சொல்வார். பேச்சுவழக்கில் துணியின் பாரத்தைத் தாங்குகிற வினைகள் இரண்டு: கட்டு, போடு. இக்கட்டுரையின் அக்கறை முதல் வினை பற்றியது. இரண்டாவது வினை அதற்கு எதிர்நிறையாகக் கூடவே வரும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924-36) ஆகட்டும், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992) ஆகட்டும், 'கட்டு' என்ற சொல்லுக்குப் பல பொருள்களை எண்ணிட்டுத் தருகின்றன. வேட்டி கட்டலாம், மூட்டை கட்டலாம், வீடு கட்டலாம், பணம் கட்டலாம், தாலி கட்டலாம், கதை கட்டலாம், பாட்டுக் கட்டலாம், பந்தயம் கட்டலாம். 'நடையைக் கட்டு' என்று ஒருவரை விரட்டவும் செய்யலாம். தொண்டை கட்டிக்கொள்கிறது, சளி கட்டிக்கொள்கிறது, அந்த விலைக்கு வியாபாரிக்குக் கட்டுபடியாகவில்லை. இவ்வளவையும் பார்க்கிற இலக்கண மாணவன் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. கயிற்றாலோ துணியாலோ பிணைப்பது நேர்ப்பொருள். மற்றவையெல்லாம் அதிலிருந்து கிளைத்த விரிபொருள்கள். தூலம் முதலில், சூக்குமம் பிறகு.

இந்தப் பதிலில் பாதி உண்மைதான் இருக்கிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் (1961; திருத்திய பதிப்பு 1984) திறந்தால் இச்சொல் கன்னடத்திலும் தெலுங்கிலும் 'கட்டு', மலையாளத்தில் 'கெட்டு' என்று நிற்பதைக் காணலாம். தெலுங்கர் சேலையையும் இதே வினையால் கட்டுகிறார், வீட்டையும் இதே வினையால் கட்டுகிறார். மலையாளி கல்யாணத்தையும் 'கெட்டு' என்கிறார். உடையும் வீடும் மணமும் ஒரே வினையின் கீழ் இருப்பது தமிழன் தனியாகக் கண்டுபிடித்த அணிநயமல்ல, மொழிக்குடும்பத்தின் சொத்து. ஆகவே எது நேர்ப்பொருள், எது உருவகம் என்று வரிசை எண் போடுவதைவிட இவையெல்லாவற்றிலும் பொதுவாக ஓடுகிற இழை எது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

2

போடு என்ற வினையோடு உரசிப் பார்த்தால் அந்த இழை தெரியும். நெய்வேலி போன்ற ஊர் இதற்கு வசதியான இடம். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு எழுந்த இந்த நகரியத்தில், ஷிப்டுக்குப் போகிறவர் பேண்ட் போடுகிறார், சட்டை போடுகிறார், ஷூ போடுகிறார், சுரங்கத்துக்குள் இறங்குமுன் ஹெல்மெட் போடுகிறார். ஷிப்டு முடிந்து வந்ததும் கைலி கட்டுகிறார். சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் பக்கத்து ஊர்ப் பெரியவர் வேட்டி கட்டி, தலையில் முண்டாசு கட்டியிருக்கிறார். உடம்பின் மேல் கம்பெனிக்கு ஒரு வினை, வீட்டுக்கு ஒரு வினை.

தைத்த துணிக்குப் போடு, தைக்காத துணிக்குக் கட்டு என்று உடனே சொல்லத் தோன்றும். சொல்ல முடியாது. கைலி தைத்ததுதான், ஆனாலும் கட்டுகிறோம். உள்பாவாடையும் தைத்ததுதான், நாடா இருப்பதால் கட்டுகிறோம். மாறாக, தாவணி தைக்காத துணி, அதைப் போடுகிறோம். துண்டு தைக்காத துணி. தோளில் போடுகிறோம், இடுப்பில் கட்டுகிறோம். முக்காடு போடுகிறோம், முண்டாசு கட்டுகிறோம். தையல் இங்கே அளவுகோல் அல்ல. துணி தானாக நிற்கிறதா, அல்லது உடுத்துகிறவர் கை போட்டு இறுக்கி நிறுத்த வேண்டியிருக்கிறதா என்பதே கேள்வி. சட்டையின் வடிவம் தையற்காரர் கையிலேயே முடிந்துவிட்டது; அதற்குள் நுழைந்தால் போதும். வேட்டிக்கு வடிவம் கிடையாது. கட்டுகிறவர்தான் ஒவ்வொரு நாளும் அதைப் புதிதாகச் செய்கிறார். அதனால்தான் 'ஒழுங்கா வேட்டி கட்டத் தெரியலை' என்று ஒருவரைச் சொல்ல முடிகிறது. 'சட்டை போடத் தெரியலை' என்பது குழந்தைகளுக்கு மட்டுமே பொருந்துகிற புகார்.

இப்போது உடையை விட்டு வெளியே வருவோம். வீடு கட்டுகிறோம், கோயில் கட்டுகிறோம், அணை கட்டுகிறோம். ஆனால் பந்தல் போடுகிறோம், கொட்டாய் போடுகிறோம், ரோடு போடுகிறோம். இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கயிற்றால் நிஜமாகவே கட்டப்படுவது பந்தல்தான். மூங்கிலும் கீற்றும் கயிறும் சேர்ந்த அந்தக் காரியத்துக்குப் பேச்சுவழக்கு 'போடு' என்கிறது. ஒரு முழம் கயிறுகூட இல்லாத செங்கல் வீட்டுக்குக் 'கட்டு' என்கிறது. நேர்ப்பொருள் முதல், உருவகம் பிறகு என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது. கயிறு இருக்கிறதா என்று மொழி பார்க்கவில்லை. நிலைக்கிறதா, பிடிப்பு உண்டா என்று பார்க்கிறது. பந்தல் நாலு நாளில் பிரிக்கப்படும், வீடு நிற்கும். தாவணி சில வருடத்துக்கு, சேலை வாழ்நாளுக்கு.

பணத்திலும் இதே கதைதான். பிச்சைக்காரருக்குப் பணம் கொடுக்கிறோம். நமக்கென்று பேங்கில் போடுகிறோம். பள்ளிக்கூட பீஸ், கரண்ட் பில், வட்டி, அபராதம் ஆகியவற்றைக் கட்டுகிறோம். பணம் அதே பணம்தான். முன்பே ஒரு பிடி நம்மேல் விழுந்திருந்தால் கொடுப்பது 'கட்டு'வதாக மாறிவிடுகிறது. மனசில்லாமல் கொடுத்தால் 'கட்டி அழுதேன்' என்போம்.

தெருக்கூத்து இதைவிடக் கூர்மையான சாட்சி. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கூத்துக்காரரை 'அர்ச்சுனன் வேஷம் கட்டுறவர்' என்பார்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் மரக்கட்டையில் செய்து உடம்போடு இறுக்கிக் கட்டப்படுபவை. விடியவிடிய அந்தப் பாரத்தைச் சுமந்து ஆடுகிறவர் வேஷம் கட்டுகிறார். ஊரை ஏமாற்றுகிறவனோ வேஷம் போடுகிறான். கட்டியவன் அதற்குக் கட்டுப்பட்டவன். போட்டவன் எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடுவான். அறம் பற்றிய ஒரு தீர்ப்பையே இரண்டு வினைகளுக்கிடையில் வைத்திருக்கிறது வழக்கு.

ஆக, கட்டு என்பது பிடிப்பை உண்டாக்கும் வினை. விதிவிலக்குகள் உண்டு; வழக்கு கணக்குப் புத்தகம் அல்ல. ஆனால் போக்கு தெளிவாக இருக்கிறது. நகரியத்து வட்டங்களில் ஓய்வுக்கு நெருங்கியவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி 'சொந்தமா வீடு கட்டிட்டீங்களா?' என்பது. குவார்ட்டர்ஸ் கம்பெனி கட்டியது. காலி செய்ய வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பத்திலிருந்து ஓரமாகக் கொட்டாய் போட்டுத் தங்கியவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கட்டு என்ற வினைக்கு எழுவாயாக நிற்பதே ஒரு தகுதி.

3

இங்கிருந்துதான் விஷயம் சிக்கலாகிறது. பிடிப்பு என்றால் யார் பிடியில் யார்? 'கட்டு' தனியாக நிற்கும்போது இதைச் சொல்வதில்லை. அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும் துணைவினை சொல்லிவிடுகிறது.

கட்டிக்கொள்: செயலின் பயன் செய்பவருக்கே திரும்புகிறது. கட்டிவிடு: குழந்தைக்கும் சாமிக்கும் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவருக்கும் செய்வது, கதை கட்டிவிடுவதும் இதில்தான் சேரும். கட்டிக்கொடு: பெண்ணை இன்னொரு வீட்டுக்குத் தருவது. கட்டிவை: 'மரத்துல கட்டி வெச்சு அடிச்சாங்க', 'பிடிக்காதவனுக்குக் கட்டி வெச்சுட்டாங்க'. கட்டிப்போடு: மாட்டையும் நாயையும். சுதந்திரம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வருவதை இந்த வரிசையிலேயே பார்க்கலாம். கொள் என்ற ஒரு துணைவினையில் மட்டுமே கட்டுகிறவரும் கட்டப்படுகிறவரும் ஒரே ஆள்.

ரோலாண் பார்த் 1967இல் வெளியிட்ட மோஸ்தர் பற்றிய நூலில், ஃபேஷன் பத்திரிகைகள் உடையைச் சொற்களால் விவரிக்கும் முறையை எடுத்துக்கொண்டு, உடையை ஒரு குறியமைப்பாக வாசித்தார். நம் சூழலில் இருந்து ஒரு கேள்வியை அதோடு சேர்க்க வேண்டியிருக்கிறது. உடை எதைக் குறிக்கிறது என்பதோடு, உடுத்தும் வினைக்கு எழுவாய் யார் என்றும் கேட்க வேண்டும். ஒரே குறிப்பான், எழுவாய் மாறியதும் நேரெதிர்ப் பொருள் தரும். இதற்கு வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி முழு ஆடையை விட்டுவிட்டு முழங்காலளவு துணியைக் கட்டிக்கொண்டார். உலகம் முழுக்க அறிந்த உடை அது. ஒன்பது ஆண்டு கழித்து, 1930 டிசம்பரில், பக்கத்து இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியார் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் சாதி பற்றிய தம் நூலில் (1946) இப்பட்டியலைப் பதிவுசெய்திருக்கிறார். மதுரைத் துணிக்கும் இராமநாதபுரத் துணிக்கும் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஓரிடத்தில் கட்டிக்கொண்டது, இன்னோரிடத்தில் கட்டவைத்தது. குறைத்துக் கட்டிக்கொள்வது துறவாக வேண்டுமானால் நீளமாகக் கட்டிக்கொள்ளும் உரிமை முதலில் கையில் இருக்க வேண்டும்.

தெற்குத் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் இதைவிட நுட்பமான பாடம் தருகிறது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859இல் வந்த அரசு அறிவிப்பு, நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. கூடவே ஒரு நிபந்தனை வைத்தது. கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல் குப்பாயம் போடலாம். மீனவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தக் கூடாது. துணியைக் கொடுத்துவிட்டு முடிச்சைத் தன் கையில் வைத்துக்கொண்டது அரசு. நிர்வாணத்தைவிட, யார் எப்படிக் கட்டுகிறார்கள் என்பதே அதிகாரத்துக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

அன்றாட அசைவுகளிலும் இது மிச்சம் இருக்கிறது. மடித்துக் கட்டிய கைலியைப் பெரியவர் முன் இறக்கிவிடுவது மரியாதை எனப்படுகிறது. ஆண்டை வீட்டு வாசலில் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததும் மரியாதை என்ற பெயரில்தான் நடந்தது. முதலாவது வயதுக்குத் தரும் சலுகை. வயதானவர் ஆனால் நமக்கும் கிடைக்கும். இரண்டாவது பிறப்புக்குச் செலுத்தும் வரி. எத்தனை வயதானாலும் தீராது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதில்தான் சூது இருக்கிறது.

2014 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், வேட்டி கட்டி வந்த காரணத்தால் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் இத்தகைய தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றியது. அப்போது பத்திரிகைகள் எழுதிய சொல் 'உடைக் கட்டுப்பாடு'. கட்டியதைத் தடுக்கும் விதிக்குப் பெயர் கட்டுப்பாடு! நீதிபதியின் வேட்டிக்கு ஒரு மாதத்தில் சட்டம் வந்தது நல்லதுதான். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கியதற்காக வீடு எரிந்தவர்களின் வேட்டியையும் அந்தச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

4

பெண்ணின் விஷயத்தில் இந்த வினை ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் இடம் மாறுகிறது. முகூர்த்தத்துக்குச் சற்று முன் கூறைப்புடவையைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். அவள் உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு வருகிறாள். அங்கே அவள் எழுவாய். வந்து மணையில் உட்கார்ந்ததும் அவளுக்குத் தாலி கட்டப்படுகிறது. அந்த வினாடியிலிருந்து வேற்றுமை உருபு மாறிவிடுகிறது. சுமங்கலிக்குப் பழைய வழக்கில் 'கட்டுக்கழுத்தி' என்றே பெயர்.

'கட்டினவன்' என்றால் கணவன், தாலியைக் கட்டியவன். 'கட்டினவள்' என்றால்? இலக்கணப்படி அவளும் கட்டுதல் என்ற வினையைச் செய்தவளாக இருக்க வேண்டும். வழக்கில் அவள் கட்டப்பட்டவள். ஒரே வாய்பாட்டில் உருவான இரண்டு வினையாலணையும் பெயர்கள். ஆண்பால் விகுதி வந்தால் எழுவாய், பெண்பால் விகுதி வந்தால் செயப்படுபொருள். இலக்கண ஆசிரியர் யாரும் இப்படி விதி செய்யவில்லை. சமூகம் செய்தது. கணவனை இழந்தவளை 'அறுத்தவள்' என்பதும், மறுமணம் அனுமதிக்கும் சாதிகளை 'அறுத்துக் கட்டுறவங்க' என்று ஒரு மாற்றுக் குறைவோடு சொல்வதும் இந்த முடிச்சின் நீட்சிகள். ஆணை இழிவுபடுத்த 'போய்ச் சேலை கட்டிக்கோ' என்றால் போதும். சேலை கட்டுவது கேவலமான வேலையல்ல. செயப்படுபொருள் வரிசையில் போய் நில் என்பதுதான் அந்த வசவு.

இதில் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. சுயமரியாதைத் திருமணங்களுக்கு ஏற்பளித்து 1967இல் தமிழக அரசு கொண்டுவந்த இந்துத் திருமணச் சட்டத் திருத்தம், 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒருவருக்கொருவர் மாலை சூட்டலாம், அல்லது மோதிரம் போடலாம், அல்லது தாலி கட்டலாம். கட்டு என்ற வினையை மூன்று வழிகளில் ஒன்றாக ஆக்கியதன் மூலம் அதன் ஏகபோகத்தைச் சட்டம் முடித்துவைத்தது.

ஆனால் பேச்சு அதற்கு முன்பே ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தது. அதுவும் கொள் என்ற துணைவினைதான். 'கட்டினா அவரைத்தான் கட்டிப்பேன்' என்று ஒரு பெண் சொல்ல முடிகிறது. அவள் யார் கழுத்திலும் எதையும் கட்டப்போவதில்லை. ஆனாலும் எழுவாய் இடத்தில் அவளே நிற்கிறாள். வீட்டில் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள். அவள் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள். நம் குடும்பங்களின் பெரிய சண்டைகளில் பாதி, கொடு என்ற துணைவினைக்கும் கொள் என்ற துணைவினைக்கும் இடையில் நடப்பது.

இது சொல் விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் நெய்வேலிக்குப் பக்கத்து விருத்தாசலம் வட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த வன்னியர் பெண் கண்ணகியும் தலித் இளைஞர் முருகேசனும் 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் இருவரும் விஷம் புகட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. உச்சநீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்ய 2025 ஆனது. கட்டிக்கொடுக்கப்பட வேண்டியவள் கட்டிக்கொண்டாள் என்பதற்கு மேல் அந்தப் பெண் செய்த 'குற்றம்' எதுவுமில்லை. அந்தத் துணைவினையின் விலை இரண்டு உயிர்.

5

கட்டியதை நீக்குவதற்கும் தமிழில் ஒரு வினை போதவில்லை. அவிழ், உரி, உடை என மூன்று இருக்கின்றன. முடிச்சை அவிழ்க்கிறோம், பூவும் அவிழ்கிறது. தோலையும் பட்டையையும் உரிக்கிறோம். கட்டுப்பாட்டை உடைக்கிறோம். திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைந்த இந்தப் பகுதியில் பாரதக் கூத்தின் உச்சமான இரவுக்குப் பெயர் துகிலுரிதல். துகில் அவிழ்த்தல் என்று யாரும் சொல்வதில்லை. அவிழ்ப்பது கட்டியவள் கைக்கே உரியது. இன்னொருவன் அவள் இசைவின்றிச் செய்தால் துணி தோலாகிவிடுகிறது; வினை உரிதலாகிவிடுகிறது. உடுத்தியவரின் விருப்பத்தை வினையிலேயே பதிந்துவைத்திருக்கும் மொழி இது.

1980களிலும் 90களிலும் நம் சிறுபத்திரிகைகளில் அமைப்பியலும் பின்அமைப்பியலும் பேசப்பட்டபோது தெரிதாவின் சொல்லாட்சிக்குத் தமிழில் பல பெயர்கள் முளைத்தன: கட்டவிழ்ப்பு, கட்டுடைப்பு, தகர்ப்பமைப்பு. மொழிபெயர்ப்புச் சண்டையாகவே அதைப் பலர் பார்த்தார்கள். பிரதியும் துணியும் நமக்கு அந்நியமான ஜோடி அல்ல. நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான். செய்யுளைப் பிணிக்கும் முறைக்கு யாப்பு என்று பெயர். யாத்தல் என்றாலும் கட்டுதல்தான். உரையைக் கட்டினால் கட்டுரை. ஆகவே அவிழ்ப்பா, உடைப்பா என்ற கேள்வி வாசிப்பின் ஒழுக்கம் பற்றிய கேள்வியாகவே இருந்தது. அவிழ்க்கிறவன் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். நுனியைத் தேடி, மடிப்பை எண்ணிப் பின்னோக்கிப் போக வேண்டும். அவிழ்த்த பிறகு துணி முழுசாகக் கையில் இருக்கும். வேறு மாதிரி கட்டிக்கொள்ளலாம். உடைத்தால் துண்டுகள்தான் மிஞ்சும். வாசகனாக என் வாக்கு அவிழ்ப்புக்கே.

ஆனால் எல்லா முடிச்சும் அவிழ்ப்பதற்காகக் காத்திருக்கும் என்று விமர்சகன் நினைத்துக்கொள்ளக் கூடாது. இராமநாதபுரத்தில் விதிக்கப்பட்ட தடைகளை யாரும் நுனி தேடி அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. அவை சட்டை போட்டு நடந்தவர்களால் உடைக்கப்பட வேண்டியவை. தன் கையால் தன்மேல் கட்டிக்கொண்டதை அவிழ்க்கலாம். பிறர் கட்டிவைத்ததை உடைக்கத்தான் வேண்டும்.

நகரியத்துச் சாலைகளைக் கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்களைக் கவனித்தால், சேலையைக் கட்டி அதன்மேல் ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். ஒரே உடம்பில் இரண்டு வினைகள். சேலை ஒவ்வொரு நாள் காலையிலும் அவர்கள் தாமே கட்டிக்கொள்வது. சட்டை வேலை முடியும்வரை போட்டிருப்பது. இதில் எது சுமை, எது உடை என்பதை அகராதியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவர்களைக் கேட்டால், 'சட்டை போட்டாத்தான் குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்ய முடியுது' என்பார்கள். அந்தப் பதிலுக்கும் இந்த வினையின் பொருள் பட்டியலில் ஓர் எண் கொடுக்க வேண்டும்.